சேப்டி அசனும் சிவப்பு ஸ்டிக்கரும்

மேலப்பாளையத்தில் அசன் முகம்மது என்று விசாரித்தால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். சேப்டி அசன் என்று கேட்டால் நேரே வாய்க்காலை ஒட்டிய அந்தச் சந்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சவூதியின் தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வேலை என்றால் வாசலில் நின்று, உள்ளே போகிறவன் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா, காலில் பூட்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லாதவனைத் திருப்பி அனுப்புவது. எஞ்சினியர்களையே திருப்பி அனுப்பிய மனிதர். ஊருக்கு வந்து பார்த்தால் அவர் சொல்லி ஒரு ஆட்டுக்குட்டிகூடத் திரும்பவில்லை.

சொல்லாமல் விட்டாரா என்றால் அதுவும் இல்லை. விசேஷ வீடுகளில் பிரியாணி மாஸ்டரிடம் போய், அடுப்புக்கும் பந்தலுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று வகுப்பெடுத்தார். மின்கம்பத்தில் ஏறியிருந்தவரிடம் கீழே நின்றபடி கையுறையின் அவசியத்தைப் பற்றிப் பேசி, அவரைக் கீழே இறங்கி வந்து பதில் சொல்ல வைத்தார். ஒருநாள் மையத்து அடக்கத்துக்கு எடுத்துப் போகும்போது, சந்தின் திருப்பத்தில் சந்தூக்குப் பெட்டியை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். அன்றைக்கு ஜமாஅத்தில் இரண்டு பேர் அவரை ஓரமாக அழைத்துப்போய்ப் பேசவேண்டி வந்தது.

இப்படி இருந்தவருக்கு வாராது வந்த வாய்ப்பாக ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. ஊரை முக்கிப் போட்ட டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, இன்னொரு முறை அப்படி வந்தால் ஒவ்வொரு வீடும் எவ்வளவு தயாராக இருக்கிறது என்று வீடு வீடாகப் போய் மதிப்பிடப் போவதாகச் சொன்னார்கள். கைப்பேசியில் கேள்விகள் வரும். பதிலுக்குத் தக்க மார்க் விழும். மார்க்குக்குத் தக்கபடி வாசல் கதவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு ஸ்டிக்கர். பொறுப்பாளராகப் பத்தமடையிலிருந்து பொன்செல்வி என்ற பெண் ஸ்கூட்டரில் வந்து போனாள். சந்துக்கு ஒரு தன்னார்வலர் தேவை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அசன் முகம்மது கையைத் தூக்கிவிட்டார். வேறு யாரும் தூக்கவில்லை என்பதால் அவளுக்கும் வேறு வழி இல்லை.

மறுநாள் காலையில், தம்மாமிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் ஹெல்மெட்டும், வெள்ளிப் பட்டை போட்ட மேல்சட்டையும் அணிந்துகொண்டு அவர் சந்தில் இறங்கினார். அவருடைய மனைவி பாத்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டாள்.

முதல் வீட்டில் ஒரு பெண் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பூகம்பம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்போம் என்றாள் அவள். அடுத்த வீட்டில், அவசரத்துக்கென்று என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, மூத்த மகன் துபாயில் இருக்கிறான் என்று பதில் வந்தது. தீயணைப்பு நிலையத்து எண் தெரியுமா என்று ஒரு முதியவரிடம் கேட்டார். எண் தெரியாது, ஆனால் அங்கே வேலை பார்க்கிறவனின் மாமியார் வீடு தெரியும் என்றார் அவர். இந்த மாதிரிப் பதில்களுக்கெல்லாம் அசன் முகம்மது பூஜ்யம் போட்டார். சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கச் சிவப்பு. பச்சை ஸ்டிக்கர் கட்டு பிரிக்கப்படாமலே பைக்குள் கிடந்தது.

எதிர்வீடு மதாருடையது. கடைவீதியில் கைலிக் கடை வைத்திருக்கும் மதாரும் அசன் முகம்மதுவும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒரே நாளில் பெயிலானவர்கள். மதாரின் மகள் நிலோஃபருக்குப் பேட்டையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம். நடையில் கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், கண்ணாடி மேசை என்று சீர்ச் சாமான் வந்து இறங்கி, உள்ளே போகிறவர்கள் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித்தான் போகவேண்டியிருந்தது. அசன் முகம்மதுவின் வயிற்றுக்கு அந்த வசதியும் இல்லை. வாசலில் நின்றே மார்க் போட்டார். மற்ற வீடுகளாவது ஒன்றிரண்டு மார்க் வாங்கியிருந்தன. இந்த வீடு மொத்தமாகப் பூஜ்யம். கதவின் நட்டநடுவில், எல்லார் கண்ணிலும் படும்படி, சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் மாப்பிள்ளை வீட்டார் தேதி குறிக்க வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா வாசற்படியில் ஒரு காலை வைத்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், காலை எடுத்துவிட்டார். கொரோனா காலத்தில் வாசலில் இப்படி ஒட்டினால் என்ன அர்த்தம் என்பது யாருக்கும் மறக்கவில்லை. வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்று அவர் தெருவில் நின்றபடியே, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டார். மதார் பதறிப்போய் நகத்தால் சுரண்டினார். அது நல்ல பசை. பாதி வந்தது, மீதி வரவில்லை. மீதி நின்ற சிவப்பு, முழுதாக இருந்ததைவிட மோசமாக, ஏதோ தோல் வியாதி மாதிரி இருந்தது. ஒருவழியாக விளக்கம் சொல்லி உள்ளே அழைத்து உட்கார வைப்பதற்குள் வந்தவர்களுக்கான சேமியா பாயசம் ஆறிப்போய்விட்டது.

அவர்கள் போனதும் மதார் சந்தைத் தாண்டி வந்தார்.

"நாப்பது வருசப் பழக்கம் வே. வாசல்ல வந்து ஒட்டிட்டுப் போயிட்டீரே."

"கட்டிலு வழிய மறிச்சுக் கெடக்கு. தீ பிடிச்சா நீரு எப்படி வெளிய வருவீரு? அதுக்கு மார்க்கு கெடையாது. ரூல்ஸ் அப்படி," என்றார் அசன் முகம்மது.

"கட்டிலு போறதுக்குத்தாம்லா கெடக்கு. கல்யாணம் முடிஞ்சா அது போயிரும். நீரு எப்பம் போவீரு?"

அத்தோடு பேச்சு நின்றது. அடுத்த மாதம் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்து சந்தில் எல்லா வீட்டுக்கும் போனது. பூகம்பம் வந்தால் முறத்தைக் கீழே வைக்கிற வீட்டுக்கும் போனது. அசன் முகம்மதுவின் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அவர் எழுந்து போய்ப் பார்ப்பதைப் பாத்து கவனித்தாள்.

இதற்கிடையே அவருடைய வீட்டையும் மதிப்பிட்டாக வேண்டும். தன் வீட்டுக்குத் தானே மார்க் போடக்கூடாது என்று விதி இருந்ததால் பொன்செல்வியே வந்தாள். அசன் முகம்மது நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானார். அவளோ, பகலெல்லாம் வீட்டில் இருக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிப் பாத்துவைக் கூப்பிட்டாள்.

அவசரப் பை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, பீரோவுக்குள், சாவி அவரிடம் என்றாள் பாத்து. பெருமையோடு அவர் திறந்து எடுத்துவந்த பையில் ஒரு விசிலும், பாதி மெழுகுவர்த்தியும், தம்மாமில் அவர் வாங்கிய ஒரு சான்றிதழும் மட்டும் இருந்தன. டார்ச் பேட்டரி டிவி ரிமோட்டுக்குப் போயிருந்தது. கயிறு மாடியில் துணி காயப் போடக் கட்டப்பட்டிருந்தது. பிஸ்கட்டை அவரே தினமும் சாயங்காலத் தேநீரோடு தொட்டுச் சாப்பிட்டிருக்கிறார். பொன்செல்வி முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"பின்வாசல் சாவி எங்க இருக்கும்மா?"

"அதுவும் அவுககிட்டதான். அவுக பள்ளிக்குப் போனா சாவியும் தொழப் போயிரும்."

"ஆபத்துன்னு வந்தா வீட்டுல யாரு முடிவெடுப்பாங்க?"

"அவுகதான் முடிவெடுப்பாக," என்றாள் பாத்து. "நாங்க அதுக்குள்ள வெளிய போயிருவோம்."

பொன்செல்வி மார்க்கைக் கூட்டினாள். அவருக்கு ஒரு வருத்தமும் வந்துவிடக்கூடாதே என்று மறுபடியும் கூட்டினாள். சிவப்புதான். அவள் தயங்கித் தயங்கி ஒட்டிவிட்டுப் போனபோது, எதிர்வீட்டு மாடியில் மதார் ரொம்ப நேரமாக ஒரு காய்ந்த துணியை உதறிக்கொண்டு நின்றார். அன்று ராத்திரி அசன் முகம்மது சாப்பிடவில்லை. பாத்துவும் கட்டாயப்படுத்தவில்லை.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. மழை வெள்ளிக்கிழமையே பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை பொழுது சாயும்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், ஆற்றங்கரைப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஞாயிறு காலையில் பாளையங்கால்வாய் நிரம்பி, மெல்ல எட்டிப் பார்த்து, பிறகு உரிமையோடு சந்துக்குள் வந்துவிட்டது. கணுக்காலில் நின்ற தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்காலுக்கு ஏறியது.

அசன் முகம்மதுவுக்குப் பயமாக இருந்தது என்று சொன்னால் பாதி உண்மை. வாழ்நாளெல்லாம் இதற்காகத்தான் காத்திருந்தோம் என்றும் இருந்தது. ஹெல்மெட்டை மாட்டினார். மேல்சட்டையைப் போட்டார். நிறுவனம் கொடுத்திருந்த கை ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு சந்தின் நடுவில் நின்று, எல்லாரும் வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புங்கள், அதுதான் பாதுகாப்பு இடம் என்று அறிவித்தார்.

அதிசயம், எல்லாரும் கிளம்பினார்கள். வேறொன்றுமில்லை, எல்லாரும் கல்யாணத்துக்கு ஏற்கெனவே உடுத்தித் தயாராக நின்றார்கள். பட்டுச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டும், பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டும், அத்தர் மணக்க மணக்க ஒரு ஊர்வலம் கிளம்பியது. யாரோ ஒரு ஆட்டையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் அசன் முகம்மது, குழி இருக்கிறது, பைய வாருங்கள், இடதுபக்கம் ஒதுங்குங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் சொன்னபடி ஜனம் ஒதுங்கியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருடைய வயசில் பாதி குறைந்துபோயிருந்தது.

பள்ளிக்கூடத்துக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை. அசன் முகம்மது ஒலிபெருக்கியில் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். பிறகு பூட்டைப் பார்த்தும் கூப்பிட்டார். வாட்ச்மேன் மதார் வீட்டுக் கல்யாணத்தில் வெங்காயம் உரிக்கப் போயிருக்கிறார் என்று கூட்டத்தில் ஒருவர் தகவல் சொன்னார். பின்னால் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. அவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். தம்மாமில் கேட்டைப் பூட்டிப் பழக்கமே தவிர, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று பழக்கமில்லை.

பாத்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மண்டபம் மேட்டுலதான இருக்கு. சோறு இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு. எல்லாரும் அங்கதான போகணும்னு கெளம்புனோம். வாங்க போவோம்."

"கூப்பிடாத கல்யாணத்துக்கா?" என்றார் அவர். ஒலிபெருக்கி இன்னும் வாய்ப்பக்கம் இருந்ததால் அது கூட்டத்துக்கே கேட்டது.

"உங்களத்தான் கூப்பிடல. என்னைய மதார் பொஞ்சாதி அன்னைக்கே வந்து கூப்பிட்டாச்சு."

சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். ஊர்வலமும் அவள் பின்னால் திரும்பியது. ஆடும் போனது. கடைசியாக, முன்னால் நடந்தவர் பின்னால் நடந்து போனார்.

மண்டபத்தில் மதாருக்குத் தலைக்கு மேல் வேலை. டவுணிலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் வரவேண்டியவர்கள் வரமுடியாமல் ஆளுக்கொரு போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். சமைத்த சோற்றை என்ன செய்வது என்று அவர் தலையில் கைவைத்திருந்த நேரத்தில் சந்து மொத்தமும் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தது. அவர் எல்லாரையும் உள்ளே அனுப்பினார். அசன் முகம்மது மட்டும் உள்ளே போகவில்லை. வாசல் ஓரத்தில் பைக் நிறுத்தும் கொட்டகைக்குக் கீழே, ஹெல்மெட்டோடு, சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டார். உள்ளேயிருந்து நெய்ச்சோற்று வாசனை வந்தது. அவர் அதையும் பார்க்காத மாதிரி நின்றார்.

அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டுப் பஸ் வந்தது. வந்தது என்றால் மண்டபத்துக்கு எதிரே, ரோடு பள்ளமாக இறங்கும் இடம்வரை. அங்கே முழங்காலுக்கு மேல் ஓடிய தண்ணீரில் இஞ்சின் நனைந்து, ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுவிட்டது. ஜன்னல் வழியே மாப்பிள்ளையின் பூமாலை தெரிந்தது. மாப்பிள்ளையின் வாப்பா படிக்கட்டுவரை வந்து, தன்னுடைய வெள்ளை வேட்டியையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்துவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார். மதார் கேட்டுக்கு ஓடிவந்தார். கயிறு கட்டி, ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கிக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆள் அந்த ஊரிலேயே ஒருவர்தான். அவர் கூப்பிடு தூரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்குள் சேதி கேட்டுப் பொன்செல்வியும் ஸ்கூட்டரை எங்கேயோ விட்டுவிட்டு நடந்தே வந்து சேர்ந்திருந்தாள். மதார் அவளிடம், பந்தல் கயிறு உள்ளே கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொல்லு தாயி என்றார். கயிறு எவ்வளவு கனம் என்று கேட்டுச் சொல்லம்மா என்றார் அசன் முகம்மது சுவரிடம். நல்ல கனம்தான் என்று சொல் என்றார் மதார். இருவருக்கும் நடுவில் நின்ற அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் மிஞ்சவில்லை, இரண்டு பேர் பேசுவதும் இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்டது.

"ரெண்டு பேரும் அப்புறமா கோவப்படுங்க சார்," என்றாள் அவள். "பொண்ணு உள்ள அழுதுகிட்டு இருக்கு."

நிலோஃபர் அழுகிறாள் என்றதும் அசன் முகம்மது சுவரை விட்டுத் திரும்பினார். அந்தப் பிள்ளை நடக்கப் பழகியது அவர் வீட்டு முற்றத்தில்.

கயிற்றின் ஒரு முனையை மண்டபத்துத் தூணில் கட்டினார். மறுமுனையைத் தானே இழுத்துப்போய்ப் பஸ்ஸின் கம்பியில் கட்டினார். பிறகு பஸ்ஸுக்குள் ஏறி நின்று, எப்படி இறங்க வேண்டும், எந்தக் கையால் கயிற்றைப் பிடிக்க வேண்டும், பதறினால் என்ன ஆகும், தம்மாமில் ஒருவன் பதறியபோது என்ன ஆனது என்று ஒரு உரை ஆற்றினார். மாப்பிள்ளையின் மாலையில் பூ வாடுகிற அளவுக்கு அது நீண்டது. ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் தடுமாறவில்லை. பெண்கள், பிள்ளைகள், மாப்பிள்ளை, பழத்தட்டு என்று எல்லாம் கயிற்றோடு கயிறாகக் கரை சேர்ந்தன. கடைசியாக மாப்பிள்ளையின் வாப்பாவை, செருப்பைக் கழற்ற வைத்து, வேட்டியை மடித்துக் கட்ட வைத்து, கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தார். அவருக்கு முகம் காட்டி நடந்ததால் பின்பக்கமாக நடக்கவேண்டியிருந்தது. கால் வைக்குமுன் தரையைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே, கேட்டை ஒட்டி மூடியில்லாமல் கிடந்த சாக்கடைக்குள் நேராக இறங்கிவிட்டார்.

முதலில் ஹெல்மெட் மட்டும் தனியாக மிதந்து போனது. ஒலிபெருக்கி தண்ணீருக்குள்ளிருந்தும் கொஞ்ச நேரம் கூவிவிட்டு அடங்கியது. மாப்பிள்ளையின் வாப்பா ஒரு கையைப் பிடித்தார். மதார் இன்னொரு கையைப் பிடித்தார். இரண்டு வெள்ளை வேட்டியும் கறுப்பாகிப்போக, அசன் முகம்மது மேலே வந்தார். அவரிடமிருந்து அத்தரைத் தவிர மற்ற எல்லா வாசனையும் வந்தது.

மதார் அவரை மண்டபத்தின் பின்பக்கம், அண்டாக்கள் கழுவுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், வாளியில் மொண்டு மொண்டு தலையில் ஊற்றினார். கொஞ்சம் ஓங்கியே ஊற்றினார்.

"கூப்பிடலைன்னா வரமாட்டீரோ?"

"கூப்பிடாத எடத்துக்கு எப்படி வே வருவேன்?"

"ஒட்டுததுக்கு மட்டும் கூப்பிடாமலே வந்தீரு."

அசன் முகம்மது கண்ணில் வழிந்த தண்ணீரை வழித்து எறிந்தார்.

"கட்டில ஒரு ஓரமா நவுத்தச் சொல்லிட்டு, மஞ்சள ஒட்டியிருக்கலாம்," என்றார்.

மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒன்றும் வராது என்பது மதாருக்குத் தெரியும். தன் கடையிலிருந்து சம்பந்தி வீட்டாருக்குக் கொடுப்பதற்காகக் கொண்டுவந்திருந்த புதுக் கைலி ஒன்றை உதறிக் கொடுத்தார். சட்டை மதாருடையது. அது அசன் முகம்மதுவுக்கு மூன்றாவது பொத்தானுக்குக் கீழே சேரவில்லை. நிக்காஹுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவர் டவுணில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். மதார் யாரையும் கேட்கவில்லை. அசன் முகம்மதுவின் தோளை அழுத்தி மேடையில் உட்கார வைத்தார். நனைந்து ஊறிப்போன விரலால் அவர் போட்ட கையெழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நிலோஃபர் சிரிப்பது கேட்டது. சாக்கடைக் கதை அதற்குள் பெண்கள் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தது பாத்துதான்.

சந்து முழுவதும் அன்று மண்டபத்திலேயே தங்கியது. மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்ததும் வீடு திரும்பினார்கள். மதாரின் சீர்ச் சாமான்கள் எல்லாம் முந்தின வாரமே பேட்டைக்குப் போய்விட்டதால், அவர் வீட்டில் சேறு தவிர வேறு சேதம் இல்லை. அசன் முகம்மதுவின் வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை தண்ணீரைக் குடித்து, கர்ப்பிணி எருமை மாதிரி கட்டிலில் கிடந்தது. அவர் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. பாத்து விளக்குமாற்றோடு நின்று, அவர் தூக்குவதையும் பார்த்தாள், மெத்தையையும் பார்த்தாள்.

மதார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மறுமுனையைப் பிடித்தார். இருவரும் முக்கி முனகி, மாடிப்படி அடிவரை கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே அசன் முகம்மது நின்றுவிட்டார். கனமான பக்கம் எப்போதும் கீழே இருக்க வேண்டும், அதனால் மெத்தையைத் திருப்பிக்கொண்டு ஏற வேண்டும் என்றார். இத்தனை தூரம் வந்தபிறகு திருப்ப முடியாது, பேசாமல் ஏறும் என்றார் மதார். திருப்பாமல் ஏறினால் மேலே போகிறவன் முதுகு போய்விடும் என்றார் இவர். மேலே போகிறவன் நான்தானே, என் முதுகுக்கு உமக்கென்ன என்றார் அவர்.

மெத்தையிலிருந்து தண்ணீர் வடிந்து, பாத்து அப்போதுதான் கழுவிவிட்டிருந்த நடையெல்லாம் ஓடியது. அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, தேநீர் போட உள்ளே போனாள். இந்தப் பேச்சு முடிய நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும்.